மீசை வைத்த குழந்தை

“குழந்தைக் கல்யாணம் நடக்கப்போவுதுன்னு புகார் வந்திருக்கு. நிறுத்துங்க.”

ஜமுனாமரத்தூரிலிருந்து ஜீப்பில் வந்து இறங்கிய சமூக நலத்துறை மேடம் இப்படிச் சொன்னதும் மாதையனுக்குச் சிரிப்புதான் வந்தது. பந்தல் போட்டாயிற்று. மாப்பிள்ளை வீட்டார் கொண்டுவந்த கிடா இரண்டும் கட்டிக் கிடக்கின்றன. விடிந்தால் மகள் நதியாவுக்குக் கல்யாணம். அவளுக்கு வயது இருபத்திரண்டு. நர்ஸ் படிப்பே முடித்துவிட்டாள். அவள் குழந்தை என்றால் இந்த மலையில் யார்தான் பெரிய மனுஷி?

“ஒக்காருங்க மேடம். நதியா, மேடத்துக்கு டீ போடு. உன் சர்ட்டிபிகேட்டெல்லாம் எடுத்தா.”

சர்ட்டிபிகேட் எல்லாம் ஒரு பையில் தயாராக இருந்தது. வேலூர் ஆஸ்பத்திரி ஒன்றில் அடுத்த வாரம் வேலைக்குச் சேர வேண்டும் என்று நதியா கட்டி வைத்த பை. ‘கல்யாணம் முடியட்டும், மாப்ள வுட்டா போ’ என்று மாதையன் அதைப் பரண்மேல் தூக்கிப் போடுவார். மறுநாள் அது கீழே இருக்கும். பிடிவாதக்காரப் பை.

மேடம் பார்த்துவிட்டுச் சொன்னார். “பொண்ணு வயசு சரியா இருக்கு.”

“பின்ன? சட்டம் தெரியாத ஆளா நானு?”

“மாப்பிள்ளைக்கு?”

“மாப்ளைக்கு இன்னா?”

“வயசு.”

மாதையன் விழித்தார். இதென்ன கூத்து! மாப்பிள்ளைக்கு நிலம் இருக்கா, புளியமரம் எத்தனை, குடிப்பானா என்று கேட்பார்கள். வயதை எவன் கேட்பான்?

“ஆணுக்கு இருபத்தொண்ணு முடிஞ்சிருக்கணும். இல்லன்னா சட்டப்படி அவர் குழந்தை.”

“மீசை வச்சிருக்கான் மேடம்!”

“மீசையை யாரு கேட்டா? ஆளு எங்க?”

மாப்பிள்ளை நவீன்குமார் காலையிலேயே நெல்லிவாசல்நாட்டிலிருந்து சொந்தபந்தங்களோடு வந்துவிட்டான். பந்தலில் காணோம். பலாமரத்தின் உச்சியிலிருந்து குரல் வந்தது.

“மாமா, இது பழுத்துடுச்சு. போடட்டா?”

கீழே நாலு வாண்டுகள் போர்வையை விரித்துப் பிடித்துக்கொண்டு குதித்தன. மேடம் மேலே பார்த்தார், பிறகு மாதையனைப் பார்த்தார்.

“சம்மந்தி, வாயத் தொறந்து சொல்லு! பையனுக்கு இன்னா வயசு?” என்று மாதையன் மாப்பிள்ளையின் அப்பா ரங்கனைப் பிடித்து இழுத்தார்.

ரங்கன் நெஞ்சை நிமிர்த்தினார். “இருபத்தஞ்சுக்குக் கொறையாது மேடம். எனக்குக் கல்யாணம் ஆயே இருபத்தொரு வருசம் ஆவுதே!”

பக்கத்தில் நின்ற அவர் மனைவி தலையில் அடித்துக்கொண்டாள்.

சரி, வார்டு மெம்பரைக் கூப்பிடலாம் என்றால் போனில் சிக்னல் இல்லை. அந்த ஊரில் பாறைமேல் ஏறினால்தான் டவர் கிடைக்கும். தோழிகளைக் கூப்பிட வேண்டும் என்று நதியா விடியற்காலையிலேயே ஆட்டுக்குட்டி மாதிரி ஏறி இறங்கிவிட்டாள். மாதையன் பாதி ஏறுவதற்குள் மூச்சு வாங்கி, வழுக்கி, வேட்டி கிழிந்து, ஒரு பொய்யை மட்டும் யோசித்துக்கொண்டு திரும்பி வந்தார்.

“மேடம், இது கல்யாணமே இல்ல. காதுகுத்து.”

“யாருக்கு?”

கைக்கு அகப்பட்ட ஒரு வாண்டை இழுத்து முன்னால் நிறுத்தினார். அது வாய்விட்டு அலறியது.

“அப்போ அந்த பேனர்?”

நதியாவும் நவீன்குமாரும் ஆளுயரத்துக்குச் சிரித்துக்கொண்டிருக்க, ‘திருமண விழா’ என்று பந்தல் வாசலில் தொங்கியது. வைத்ததே அவர்தான். பாழாய்ப்போன புத்தி, அதை மறந்துவிட்டது.

“பொய் வேற சொல்றீங்களா? பையனுக்கு வயசு முடியறவரைக்கும் கல்யாணம் பண்ண மாட்டோம்னு ரெண்டு பேரும் எழுதிக் குடுங்க.”

“எவன் மேடம் உங்களுக்குச் சொன்னது?”

“அத சொல்லக் கூடாது.”

சொல்ல வேண்டுமா என்ன? மாதையனுக்கே தெரிந்துவிட்டது. பந்தல்காரன் சக்கரவர்த்தி! தங்கை மகனுக்கு நதியாவைக் கேட்டு ஏமாந்தவன்.

“நீதாண்டா! வயித்தெரிச்சல் புடிச்சவனே!”

சீரியல் லைட் கட்டிக்கொண்டிருந்த சக்கரவர்த்தி அப்படியே ஏணியிலிருந்து இறங்கினார். “காசு வாங்காம பந்தல் போட்டேன் பாரு, எனக்கு வேணும்! டேய், பிரிங்கடா!”

பந்தல் போயிற்று. அண்டா போயிற்று. ‘எம் பையனை சபையில கொழந்தைன்னு சொல்ல வச்சிட்டியே! வேற பொண்ணு பாத்துக்கறேன்’ என்று ரங்கன் கிடாக்களை அவிழ்த்தார்.

“எந்தப் பொண்ணப் பாத்தாலும் பையன் வயசு அதேதான்” என்று எழுதி வாங்கிக்கொண்டே சொன்னார் மேடம்.

நவீன்குமாருக்கு மட்டும் ஒரு வருத்தமும் இல்லை. பலாப்பழத்தைத் தோளில் வைத்துக்கொண்டு, “போய்ட்டு வர்றேன் மாமா!” என்று சந்தோஷமாகக் கையாட்டிவிட்டு, சொந்தபந்தங்கள் வந்த ஜீப்பில் தொற்றிக்கொண்டான்.

வாசலில் குழிகள்தான் மிச்சம். மாதையன் கிழிந்த வேட்டியோடு தலையில் கைவைத்து உட்கார்ந்தார். மானம் போச்சு, கிடா போச்சு, ஊரில் இருந்த ஒரே பந்தல்காரனும் பகை.

“போன் போட்ட பாவி வெளங்கவே மாட்டான்!”

நதியா டீயை நீட்டினாள். தோளில் அந்தப் பை.

“அப்டி சொல்லாதப்பா. எனக்காகக் கூப்ட்டா ஜீப் வராது, எனக்குத்தான் வயசு தாண்டிடுச்சே. அதான் அந்தக் கொழந்தைக்காகக் கூப்ட்டேன்.”