இழைமணிக்குப் பதிவு இல்லை

தேசப் பாதுகாப்போடு தொடர்புடைய இந்தச் சம்பவம், கொழும்பில் வந்து தங்கும் தமிழர் பொலிஸில் பதிய வேண்டியிருந்த 1997ஆம் ஆண்டு, வெள்ளவத்தைச் சோதனைச் சாவடி ஒன்றில், பிற்பகல் மூன்று மணிக்கு உரிய முறைப்படி நடந்தேறியது. நாகேந்திரம் மாஸ்டர் நாலு மணி உயிரியல் வகுப்புக்குச் சுருட்டிக்கொண்டு போன இரண்டு உயிர்க்கலப் படங்களையும் அதிகாரி மேசையில் விரித்தார். அவருடைய சிங்களத்தைக் கான்ஸ்டபிள் மஜீட் மொழிபெயர்த்தார். பரீட்சைக்கு இன்னும் ஒரு மாதம்தான். மூன்று நாள் குந்தியிருந்து கீறிய படங்கள் பறிபோய்விடுமோ என்பதுதான் மாஸ்டரின் கவலை.

“இது?”

“புரோகரியோட்டாக் கலம், ஐயா. பற்றீரியா. உள்ளுக்கு அறை, தடுப்பு ஒண்டும் இல்லை. பரம்பரைப் பொருள்கூட மறைப்பில்லாமல் சும்மா கிடக்கு.”

ஒளிவுமறைவற்ற பற்றீரியா உடனடியாக விடுவிக்கப்பட்டது.

“மற்றது?”

“இயூகரியோட்டா. எங்கட உடம்பில இருக்கிறது. நடுவில கரு, அதைச் சுத்தி மென்சவ்வு. கட்டளையெல்லாம் அங்கயிருந்துதான் போகும்.” சொன்ன பிறகே மாஸ்டர் நாக்கைக் கடித்துக்கொண்டார்.

“இந்த நீட்டு உருண்டை?”

“இழைமணி. சக்தி தயாரிக்கும். ஆதியில வெளியிலயிருந்து வந்து தங்கின பற்றீரியாவாம்.” வாத்தியார் புத்தி, கேளாததையும் சொல்லிவிட்டது.

அதிகாரி பேனையை எடுத்தார். “எப்ப வந்தது?”

“நூற்றைம்பது கோடி வருஷத்துக்கு முந்தி.”

“மாஸ்டர், ஐயா கேக்கிறார்,” என்றார் மஜீட், முகத்தில் ஒரு சிரிப்பும் இல்லாமல். “இவ்வளவு காலமா ஏன் பொலிஸில பதியல்லியாம்?”

தீர ஆலோசித்து, இயூகரியோட்டா தடுத்துவைக்கப்பட்டது. வகுப்புப் பிள்ளைகளின் பொலிஸ் பதிவு விபரத்தை நாளைக்கே ஒப்படைக்க வேண்டும் என்ற நிபந்தனையில் மாஸ்டர் வெளியே வந்தார்.

வகுப்பில் கதையைச் சொல்லி அதிகாரியைக் கிழிகிழி என்று கிழித்தார். பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். பிறகு பெயர் எழுதத் தொடங்கினார். கடைசி வாங்கில், அட்டன் தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்து கொழும்பு ஜிந்துப்பிட்டியில் சித்தி வீட்டில் தங்கிப் படிக்கும் இராமலெட்சுமி எழுந்து நின்றாள்.

“பதிவு இருக்கோ, பிள்ளை?”

“இல்லைங்க சேர். எங்க ஆளுக இந்தியாவுலருந்து இந்த நாட்டுக்கு வந்து நூத்தைம்பது வருசத்துக்கு மேல ஆச்சு. அப்பாவோட பிரஜாவுரிமைக் கடுதாசியே இன்னும் வந்து சேரல.”

மாஸ்டர் அவள் பெயரை எழுதாமல் பேனையை மூடினார்.

“அப்ப பதிஞ்சுபோட்டு வாரும். அதுவரைக்கும் வகுப்பு வேண்டாம். கரைச்சல் எனக்குத்தானே.”

அவள் கொப்பிகளை அடுக்கிக்கொண்டு போய்விட்டாள். மாஸ்டர் கரும்பலகையில் கலத்தைக் கீறினார். கரு, மென்சவ்வு எல்லாம் வந்தன.

“சேர், இழைமணியை விட்டிட்டியள்,” என்றாள் முன்வாங்கில் இருந்த அருந்ததி.

“அதுக்குப் பதிவு இல்லை,” என்றார் மாஸ்டர்.

இந்த முறை ஒருவரும் சிரிக்கவில்லை. எல்லோரும் இழைமணி இல்லாமலே கொப்பியில் கீறிக்கொண்டார்கள்.