இருபது நிமிடம் கலந்துரையாடுக

இலவசமாகக் கிடைக்கும் எதையும் நான் கடைசிப் பக்கம் வரை படிப்பதில்லை. வீட்டுக்குள்ளேயே மறைத்து வைத்திருந்த இந்தக் குணம், கொட்டகலைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டப் பாடசாலையில் ஆசிரியையாகச் சேர்ந்த முதல் வருடமே மேடையேறிவிட்டது.

எங்கள் நூலகம் என்பது ஓர் அலுமாரி. (அதற்கும் சாவி தொலைந்திருந்தது.) அப்போதுதான் ஆசிரியர்களுக்கும் மாணவர்களுக்கும் எல்லாவற்றையும் இலவசமாகத் தரும் ஓர் இணையத்தளம் போனில் கண்ணில் பட்டது. கதைகள், நாடகங்கள், ஓவியங்கள், பெயர் தெரியாத தேசத்துச் சிற்பங்கள்! இவ்வளவும் நமக்கா என்று வாய் பிளந்து பார்த்தேன். என் போன் நிறைந்ததும் அம்மாவின் போனிலும் இறக்கினேன்.

அதில் ஒரு நாடகத்தைக் கலைவிழாவுக்கு எடுத்தேன். ஊற்றைப் பூட்டிவைத்த அரசன். தண்ணீர் கேட்டுப் போகும் ஒரு தாய். பக்கங்களைப் பிரித்துக் கொடுத்து, "ஒரு எழுத்து மாறாம பாடமாக்கணும்" என்று பிள்ளைகளை மிரட்டினேன். ஒத்திகை தினமும் மூன்றாம் காட்சியோடு நிற்கும். மணி அடித்துவிடும்.

விழா அன்று முன்வரிசையில் கல்விப் பணிப்பாளர். பின்னால், கொழுந்தை நிறுத்துப் போட்டுவிட்டு நேரே வந்த தாய்மார்கள். கடைசிக் காட்சியில் தாயாக நடித்த கவிதா மண்டியிட்டு, கண்ணீர் வழிய முழங்கினாள்:

"அந்தத் தாய் இப்போது என்ன சொல்வாள்? ஐவர் கொண்ட குழுக்களாகப் பிரிந்து கலந்துரையாடுக! நேரம், இருபது நிமிடம்!"

அவ்வளவுதான் நாடகம். முடிவை வகுப்பிலே மாணவர்கள் எழுத வேண்டுமாம்! திரைக்குப் பின்னால் நான் பூமி பிளக்காதா என்று காத்திருந்தேன். பணிப்பாளர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

மண்டபத்தில் சலசலப்பு. உண்மையாகவே கலந்துரையாடிக்கொண்டிருந்தார்கள். பிறகு கவிதாவின் அம்மா செல்வராணி எழுந்தார்.

"நான் சொல்லவா டீச்சர்?"

பதிலுக்குக் காத்திராமல் மேடையேறி, அரசன் முன் நின்றார்.

"இந்த மலையில மழைய நீங்களா பெய்ய வச்சீங்க, ராசா? அந்த மழையில நின்னுதான் நாங்க கொழுந்து எடுக்கிறோம். நனையிறதுக்கு நாங்க, குடிக்கிறதுக்கு மட்டும் நீங்களா?"

இறக்கி வைத்திருந்த அத்தனை நாடகங்களிலும் இப்படி ஒரு வசனம் இல்லை. மைமீசை வைத்த அரசன் பவித்ரா நடுங்கிப்போய், "தொறந்துட்டேன் அத்தை!" என்றாள். முதலில் எழுந்து கைதட்டியவர் பணிப்பாளர்.

அடுத்த வருடம் என்னைப் பெண் பார்க்க வந்தார்கள். "பொண்ணு என்ன சொல்லுது?" என்று மாப்பிள்ளையின் அப்பா கேட்டதும், என் அண்ணன் எழுந்து நின்று கவிதாவின் குரலிலேயே, "ஐவர் கொண்ட குழுக்களாகப் பிரிந்து கலந்துரையாடுக!" என்றான். எல்லாரும் சிரித்தார்கள். மாப்பிள்ளை மட்டும் பயபக்தியோடு கேட்டார்:

"நான் எந்தக் குழுங்க?"

அவரைத்தான் கட்டிக்கொண்டேன்.