வாசிக்கத் தொடங்கிய மகளைப் பற்றி அக்காவுக்கு ஒரு புகார்

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி எழுதிக்கொள்வது. இங்கு நான், மனைவி, மகள் மூவரும் நலம். உன் முழங்கால் வலி குறைந்திருக்கும் என்று நம்புகிறேன். நலம் விசாரித்தது போதும். இது உன் மேல் புகார்.

“டவுன் சிண்ட்ரோம் உள்ள பிள்ளை, இவளுக்கு வாசிப்பு வராது” என்று மூன்று பள்ளிக்கூடங்கள் கைவிரித்தபோது நாங்கள் வாயை மூடிக்கொண்டுதானே இருந்தோம்? உன்னால் இருக்க முடிந்ததா? அச்சகத்தில் வேலை பார்க்கிற திமிரில் ஒவ்வோர் எழுத்தையும் உள்ளங்கை அகலத்துக்கு அடித்து, அட்டையில் ஒட்டி, பெட்டி பெட்டியாக அனுப்பினாய். தினமும் சாயங்காலம் போனில் உட்கார்ந்துகொண்டு, ‘க’வுக்குக் கால் போட்டால் ‘கா’ என்று இரண்டு வருடம் அவள் உயிரை வாங்கினாய். இப்போது பதினோரு வயதில் அவளுக்கு வாசிக்க வந்துவிட்டது. அன்றிலிருந்து எங்கள் உயிர் போகிறது.

எங்கள் கட்டட லிஃப்டில் ‘நான்கு பேர் மட்டும்’ என்று ஒட்டியிருக்கிறது. பத்து வருடமாக அதை ஒரு ஜீவன் திரும்பிப் பார்த்ததில்லை. இவள் விரல் வைத்து, எழுத்துக்கூட்டி வாசித்து, தலைகளை எண்ணி, ஐந்தாவதாக நின்றவரைக் கையைப் பிடித்து வெளியே கொண்டுபோய் விட்டுவிட்டாள். “மாமா, நீங்க அஞ்சு. படியில வாங்க.” அந்த மாமா யார் தெரியுமா? எங்கள் வீட்டுச் சொந்தக்காரர்! ஆறு மாடி ஏறி வந்த மனுஷன் எங்கள் வாசலிலேயே உட்கார்ந்து இரண்டு சொம்பு தண்ணீர் குடித்தார்.

அது போகட்டும் என்றால், என் கண்ணாடிக் கடைக்கு வருகிறாள். கண் பரிசோதிக்கச் சுவரில் எழுத்துப் பலகை மாட்டியிருக்கிறேன் அல்லவா? அதுதான் அவளுக்கு இப்போது ரொம்பப் பிடித்த புத்தகம். ஓய்வுபெற்ற கண்டக்டர் ஒருவர் வந்து உட்கார்ந்தார். நான் விளக்கைச் சரிசெய்வதற்குள் இவள் மூலையில் நின்று கடைசி வரிவரை சத்தமாக வாசித்து முடித்துவிட்டாள். அவர் அப்படியே திருப்பிச் சொன்னார். “கழுகுக் கண்ணு சார் உங்களுக்கு, கண்ணாடியே வேணாம்” என்று நானும் அனுப்பிவிட்டேன். மறுநாள் அவர் யார் வீட்டுக்குள்ளேயோ போய்ச் செருப்பைக் கழற்றிவிட்டு “டீ போடு” என்றிருக்கிறார். அந்த வீட்டம்மா இப்போது என்னைத் தேடிக்கொண்டிருக்கிறார்.

இதெல்லாம் தூசு. போன வெள்ளிக்கிழமை பள்ளியில் வாசிப்பு விழா. தலைமை ஆசிரியை என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

“பாவம் சார், இவ கதைப் படத்தைத் தூக்கிக் காட்டினாப் போதும். பக்கத்துல நிக்கற பொண்ணு வாசிச்சிடுவா.”

“என் பொண்ணே வாசிப்பா மேடம்.”

“நேரம் ஆயிடும் சார்.”

“ஆகட்டும்!” என்று கத்திவிட்டேன். நான், அக்கா! வீட்டுக்காரரிடம்கூடக் குரல் உயர்த்தாதவன். கூடம் முழுக்கத் திரும்பிப் பார்த்தது.

மேடையில் இவள் புத்தகத்தை வாங்கிப் பக்கத்தில் விரலை வைத்தாள். “ம... ழை. மழை. நி... ன்... றது.” ஒரு பக்கத்துக்கு ஒன்பது நிமிடம். நடுவில் தலைமை ஆசிரியை, “போதும்மா, உட்காரு” என்றார். “இன்னும் முடியல டீச்சர்” என்றாள். முதலில் சிரித்தவர்கள் அப்புறம் சிரிக்கவில்லை. கடைசி வரி முடிந்ததும் எல்லாரும் எழுந்து கைதட்ட, இவளுக்குக் கோபம் வந்துவிட்டது. “தட்டாதீங்க. அடுத்த பக்கம் இருக்கு.”

ஊருக்கெல்லாம் கண்ணாடி போட்டுவிடுகிற நான் என் கண்ணாடியைத் துடைத்துத் துடைத்து ஒன்றும் தெரியாமல் நின்றேன். இருநூறு பேர் முன்னால் ஒரு தகப்பனை இப்படி அழவைத்தது யார்? நீதான். இதற்கு நீ பதில் சொல்லியாக வேண்டும்.

அத்தானுக்கு என் வணக்கம், பிள்ளைகளுக்கு ஆசி. உடம்பைப் பார்த்துக்கொள்.

கோபத்துடன்,
தம்பி

பி.கு. (தனித் தாளில்): கடிதத்தை இன்றே தபாலில் சேர்த்திருப்பேன். உறை தேடிய நேரத்தில் மகள் கையில் கிடைத்துவிட்டது. வாசித்துக்கொண்டிருக்கிறாள், முடியட்டும் என்று காத்திருக்கிறேன். இப்போதுதான் கேட்டாள்: “அப்பா, புகார்னா என்ன?”

“பெருமை அடிச்சுக்கறதுமா” என்று சொல்லியிருக்கிறேன். பொய் சொன்னதாக எனக்குத் தோன்றவில்லை.