அடையாற்றுப் பிசாசும் விளக்கடக்க இலாகாவும்

இந்த விவரத்தை நான் பல வருஷங்களாக நம்பவில்லை. நம்பவில்லை என்று உரக்கச் சொல்லவும் துணிந்ததில்லை. ஐம்பதைத் தாண்டிய பிறகு, எதை நம்புகிறோம், எதற்குச் சும்மா தலையாட்டுகிறோம் என்பது மனிதனுக்குத் தெரியாமல் போய்விடுகிறது போலும். இதை எனக்குச் சொன்னவர் சிதம்பரநாதன். அபிராமபுரத்தில் எங்கள் பக்கத்துத் தெருக்காரர்; யுத்த காலத்தில் சர்க்கார் ஆபீஸ் ஒன்றில் ஹெட்கிளார்க். கற்பனை என்பது அறவே கிடையாத மனிதர். மழை பெய்கிறதா என்று கேட்டால், ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டிப் பார்த்துவிட்டு, "இந்த ஜன்னல் பக்கம் பெய்கிறது" என்பார். அப்படிப்பட்டவர் சொன்னது பொய்யாக இருக்க முடியாது. மெய்யாக இருக்கவும் முடியாது. இதுதான் என் கஷ்டம்.

அடையாறு கடலில் கலக்கும் இடத்தில், தாழம்புதர்களுக்கு நடுவே, ஒரு கொள்ளிவாய்ப் பிசாசு உண்டு என்பது எங்கள் பக்கத்து ஐதிகம். வாயில் நெருப்போடு தண்ணீரின் மேல் மெதுவாக நகரும். யாரையும் அடித்ததில்லை, பிடித்ததில்லை. மிகவும் கௌரவமான பிசாசு.

ஜப்பான்காரன் குண்டு போடப் போகிறான் என்று பட்டணத்தில் பாதிப் பேர் ஊரைக் காலி செய்துகொண்டு போன வருஷம் அது. மீதிப் பேர் பொழுது சாய்ந்ததும் இருட்டில் உட்கார்ந்திருக்க வேண்டும் என்று உத்தரவாயிற்று. அதை அமல் நடத்த விளக்கடக்க இலாகா என்று ஒன்று புதிதாக முளைத்தது. அதன் மயிலாப்பூர் வட்டார அதிகாரி வேதாந்தம். அவருக்குக் கீழே நம் சிதம்பரநாதன். வேதாந்தம் கடமையில் கண்ணாயிருந்தவர். மின்மினிப் பூச்சிகள் விஷயத்தில் என்ன செய்வது என்று மேலிடத்துக்கு எழுதிக் கேட்ட ஒரே அதிகாரி அவர்தான்.

ஆற்று முகத்துவாரத்தில் வெளிச்சம் தெரிகிறது என்று அவருக்குப் புகார் வந்தது. அங்கே இருந்தது ஒரே குடிசை. படகோட்டி பீர் முஹம்மதுவும் அவன் மனைவி ஜஹீதாவும் அதில் இருந்தார்கள். இக்கரையிலிருந்து ஊரூர் குப்பத்துக்கு ஆட்களை ஏற்றி இறக்குவது அவர்கள் பிழைப்பு. இருவரையும் ஆபீசுக்கு வரவழைத்தார்.

"வெளிச்சத்துக்கு மிக அருகில் வசிப்பவரே வெளிச்சத்தின் சொந்தக்காரர். இது விதி. ஆகையால் குடிசையைப் பிரித்துவிட்டுப் படகைப் பறிமுதல் செய்யப் போகிறேன். ஏதாவது சொல்ல வேண்டியது உண்டா?"

"சாமி, அது எங்க வெளிச்சம் இல்ல," என்றான் பீர் முஹம்மது. "கொள்ளிவாய்ப் பிசாசு. எங்க பாட்டன் காலத்துலேர்ந்து அங்கதான் கீது."

"நீ பார்த்திருக்கிறாயா?"

"அதான் சாமி ஆச்சரியம். ஊர்ல அல்லாரும் பார்த்துக்கிறாங்க. நான் எறா புடிக்க லாந்தரை எடுத்துக்கினு போறப்போ மட்டும் என் கண்ணுல பட மாட்டேங்குது."

இந்த இடத்தில் சிதம்பரநாதன் தொண்டையைக் கனைத்தாராம். வேதாந்தம் காதில் அது விழவில்லை. பிசாசு உண்டு என்றால் இவன் நிரபராதி. இல்லை என்றால் குற்றவாளி. ஆனால் பிசாசு உண்டா, இல்லையா என்று தீர்மானிக்கும் அதிகாரம் தமக்குக் கொடுக்கப்படவில்லையே என்று அவர் வருந்திக்கொண்டிருந்தார்.

"அந்த அதிகாரம் யாருக்குக் கீதுன்னு சொல்லுங்க, அவரைப் போய்ப் பார்க்கிறோம்," என்றாள் ஜஹீதா. "ஊட்டைப் பிரிச்சுட்டா நாங்க இன்னா, தண்ணி மேலயா பாய் போட்டுப் படுக்கறது?"

அந்த அதிகாரம் சரித்திரத்துக்கு இருந்தது.

அந்த நாளில் மயிலாப்பூரில் எல்லாரும் சரித்திரம் எழுதிக்கொண்டிருந்தார்கள். இருட்டில் சீட்டாட முடியவில்லை. கச்சேரிகள் நின்றுவிட்டன. அண்டை வீட்டார் ஊரைவிட்டுப் போய்விட்டதால் உயிரோடிருப்பவர்களைப் பற்றி வம்பு பேச வழியில்லை. ஆகவே செத்துப்போனவர்களைப் பற்றிப் பேசினார்கள். அதற்கு ஸ்தல சரித்திரம் என்று பெயர். ரிடையரான தாசில்தார் சுந்தரராமன் இதற்கென்றே ஒரு சபை வைத்திருந்தார். பிசாசு விஷயம் அந்தச் சபைக்கு அனுப்பப்பட்டது.

"அவன் போர்ச்சுகீசியன்தான் ஓய்," என்றார் சுந்தரராமன். "சாந்தோம் கோவிலுக்கு மெழுகுவத்தி வாங்கிண்டு போறச்சே படகு கவிழ்ந்துடுத்து."

"தண்ணிக்குள்ளே மெழுகுவத்தி எரியுமோ?" என்றார் எதிரே இருந்த அங்கத்தினர். "அது எங்க கொள்ளுத்தாத்தாவோட மாமனார். வெள்ளைக்காரனுக்கு மொழிபெயர்த்துச் சொல்ற துபாஷ் உத்தியோகம். வாயிலே சுருட்டோட முழுகினார். கொள்ளிவாய்க்குச் சுருட்டுதான் பொருந்தறது."

"உம்ம குடும்பத்திலே சுருட்டு பிடிப்பாளா என்ன?"

"ஆத்துக்காரிக்குத் தெரிஞ்சு பிடிச்சதில்லை. அதனாலேதான் பாவம், படகிலே போய்ப் பிடிச்சிருக்கார்."

சண்டை முற்றிக் கைகலக்கும் தருணத்தில் சமரசம் ஏற்பட்டது. துபாஷிடமிருந்து வாங்கிய சுருட்டோடு போர்ச்சுகீசியர் முழுகினார் என்று ஏகமனதாக நிறைவேறியது. பிசாசு உண்டு.

பீர் முஹம்மதுவை மறுபடியும் கூப்பிட்டார் வேதாந்தம். "நீ குற்றவாளி இல்லை. பிசாசுதான் குற்றவாளி. ஆனால் டாக்டர்கள், ரயில்வேக்காரர்கள் போன்ற அத்தியாவசிய ஊழியர்கள் கறுப்பு மூடி போட்ட விளக்கு வைத்துக்கொள்ளலாம். இந்தப் பிசாசு என்ன ஊழியம் செய்கிறது?"

"பயமுறுத்துது சாமி. பொழுது போனா ஒருத்தன் ஆத்தங்கரைப் பக்கம் வரமாட்டான்."

"அதாவது, வேண்டாத நபர்கள் கடற்கரையை அணுகாமல் தடுக்கிறது. சிதம்பரநாதன், இது அத்தியாவசிய ஊழியம்தான்!"

பிசாசுக்கு விலக்கு அளிக்கப்பட்டது. தினம் மாலையில் அதற்குக் கறுப்புக் காகித மூடி போடும் பொறுப்பு பீர் முஹம்மதுவிடம் ஒப்படைக்கப்பட்டது. பிசாசு இருக்கும் வரை குடிசையும் படகும் இருந்த இடத்தில் இருக்கலாம் என்றும் உத்தரவாயிற்று.

மறுவாரம் அந்தி மயங்கும் நேரத்தில் வேதாந்தமே பார்வையிட வந்தார். ஆற்றின் மேல் ஒரு பொட்டு வெளிச்சம் இல்லை.

"பிசாசு எங்கே?"

"மூடி போட்டாச்சே சாமி, அப்பறம் எப்படித் தெரியும்?" என்றான் பீர் முஹம்மது.

"போட விட்டதா?"

"மொதல்ல உறுமுச்சு," என்றாள் ஜஹீதா. "சர்க்கார் உத்தரவுன்னு சொன்னாரு இவரு. உடனே தலையைக் குனிஞ்சு காமிச்சுது."

வேதாந்தத்தின் கண்கள் கலங்கிவிட்டனவாம். மனிதர்களிடம் காணக் கிடைக்காத ராஜவிசுவாசம் என்று திரும்பி வரும் வழியெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தாராம்.

செய்தி பரவியது. தியாகராய நகரில் ஒரு வக்கீல் வீட்டு மாடியில் விளக்கு எரிவதைக் கண்டு இலாகாத் தொண்டர் கதவைத் தட்டினார்.

"லைட்டை அணையுங்க சார்!"

"என் லைட் இல்லேய்யா அது. மாடியிலே பிசாசு இருக்கு."

"நாலு பேர் ரம்மி ஆடற சத்தம் கேக்குதே?"

"போர்ச்சுகீசியப் பிசாசு சுருட்டு பிடிக்கலாம், எங்காத்துப் பிசாசு ரம்மி ஆடப்படாதா?"

நியாயமான கேள்வி. தொண்டர் அதையும் சபைக்கு அனுப்பினார். வக்கீலின் பிசாசையும் சபை அங்கீகரித்தது; அதற்கு மூடி போடத்தான் ஆள் இல்லை. பிறகு டாக்டர்கள் வீட்டில் பிசாசுகள் தென்பட்டன. காலேஜ் புரொபசர்கள் வீட்டுப் பிசாசுகள் விடிய விடியப் படித்தன. பிசாசு இல்லாத வீடு நல்ல வீடு இல்லை என்று ஆகிவிட்டது. "கார் இருக்கு, கிராமபோன் இருக்கு, ஆனா பிசாசு இல்லையாமே" என்று ஒரு நல்ல சம்பந்தம் தட்டிப்போயிற்று.

மேலதிகாரியான துரை ஒருவர் மாலையில் அடையாற்றுப் பாலத்தில் காரை நிறுத்தி வடக்கே பார்த்தார். பட்டணம் தீபாவளி போல ஜொலித்தது.

"மனிதர்களில் ஒருவர்கூட விளக்கேற்றவில்லை," என்றார் வேதாந்தம் பெருமையாக. "இவை அனைத்தும் பிசாசுகள்."

துரை வெகு காலமாக இந்த தேசத்தில் இருப்பவர். ஆகவே கோபித்துக்கொள்ளவில்லை. மனிதர்களை வெளியேற்றியது போலப் பிசாசுகளையும் வெளியேற்றுங்கள் என்று சொல்லிவிட்டுக் காரில் ஏறிப் போய்விட்டார்.

எங்கே வெளியேற்றுவது? ஆற்றுக்கு அக்கரை வேதாந்தத்தின் எல்லைக்குள் சேராது. ஆகையால் அக்கரைக்கு. எதில் ஏற்றுவது? பாலத்தின் வழியே கூட்டிப்போனால் பஸ்ஸில் போகும் ஜனங்கள் பயப்படுவார்கள். ஆகையால் பீர் முஹம்மதுவின் படகில். பறிபோக இருந்த படகு சர்க்கார் படகாயிற்று.

பிசாசுகளை வழியனுப்ப மயிலாப்பூரே ஆற்றங்கரைக்கு வந்துவிட்டது. கட்டுசாதம் இல்லாமல் யாரையும் பிரயாணம் அனுப்பி எங்கள் ஊரில் பழக்கமில்லை. ஒவ்வொரு பிசாசுக்கும் ஒரு புளியோதரைப் பொட்டலம் வந்தது.

"எங்களோடது கொஞ்சம் கூச்ச சுபாவம்," என்றாள் காமாக்ஷி என்ற மாமி. "ஓரமா உக்கார வையுங்கோ."

"உக்கார்ந்துடுச்சு மாமி. நீங்க கையை எடுத்தா படகைத் தள்ளுவேன்," என்றான் பீர் முஹம்மது.

"போய்ச் சேர்ந்ததும் சாப்பிடச் சொல்லுங்கோ. வெறும் வயித்தோட இருந்தா அதுக்குக் கோவம் வரும்."

அக்கரையில் மீன்காரி தேவானை இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றாள். "யோவ் பாய்! பட்டணத்துப் பேயி பூராவையும் கொண்டாந்து எங்க குப்பத்துல எறக்கறியே, நாங்க இன்னா பாவம் பண்ணோம்? எங்களுக்கு எங்க பேயிங்களே போதும்யா!"

"எறங்கினதும் அதுங்க காத்தோட காத்தா பூடும்," என்றாள் படகில் இருந்த ஜஹீதா. "இந்தா, ஒரு பொட்டலம் துன்னு பாரு."

தேவானை தின்று பார்த்தாள். "எந்தப் பேயோடது இது? உப்பு கம்மியா கீதே."

"வக்கீலூட்டுது."

"அதான பார்த்தேன்."

பட்டணம் இருண்டது. யுத்தமும் ஒருவாறு முடிந்தது. விளக்கடக்க இலாகாவை மூடிவிடும்படி உத்தரவு வந்தது. மூடுவதற்கு முன் பாக்கி வேலைகளை முடிக்க வேண்டுமே என்று வேதாந்தம் குடிசைக்கு வந்தார்.

"இக்கரையில் இனிப் பிசாசு கிடையாது. படகில் ஏற்றுவதற்கும் ஒன்றும் இல்லை. ஆகையால் பழைய உத்தரவுப்படி குடிசையைப் பிரித்து, படகை எடுத்துக்கொள்ளப் போகிறேன். எனக்கும் இந்த மாதத்தோடு உத்தியோகம் முடிகிறது."

பீர் முஹம்மது படகுக் கயிற்றைப் பிடித்துக்கொண்டான். ஜஹீதாதான் பேசினாள்.

"ஏன் சாமி, சண்டைக்குப் பயந்துக்கினு ஊரை வுட்டு ஓடின ஜனம் அத்தனையும் திரும்பி வந்துடுச்சா இல்லியா?"

"வந்துவிட்டது."

"பேயிங்க மட்டும் அக்கரையிலயே கெடந்து சாவணுமா? அதுங்களுக்கு ஊடு வாசல் கெடையாதா? அதுங்களை யாரு இட்டாருவாங்க? எதுல இட்டாருவாங்க?"

வேதாந்தம் உடனே ஆபீசுக்குத் திரும்பி, மூடியிருந்த மேஜையைத் திறக்கச் சொன்னார். பிசாசுகள் புனர்வாழ்வு இலாகா அன்று பிறந்தது. படகு தப்பியது. குடிசை தப்பியது. வேதாந்தமும் தப்பினார்.

ஆனால் பிசாசு யாருக்கு வேண்டும்? இப்போதுதான் விளக்கேற்றத் தடையில்லையே என்று நீங்கள் நினைக்கலாம். சிதம்பரநாதனும் அப்படித்தான் நினைத்தாராம். மறுநாள் காலை ஆபீஸ் வாசலில் நின்ற கூட்டத்தைக் கண்டு பிரமித்துவிட்டார். எல்லாரும் வீட்டுக்காரர்கள். யுத்தம் முடிந்து பட்டணத்தில் தங்க இடமில்லாமல் ஜனம் அலைகிறது; குடிவைத்தவர்களைக் கிளப்பவோ வாடகையை உயர்த்தவோ சட்டம் இடம் கொடுப்பதில்லை. பிசாசு ஒன்று மாடியில் இருந்துவிட்டால் குடித்தனக்காரர் தாமாகவே காலி செய்வார் அல்லவா? பீர் முஹம்மதுவோ, ஒரு நடைக்கு ஒரு பிசாசுக்கு மேல் ஏற்ற மாட்டேன் என்கிறானாம். இத்தனை வருஷம் ஒரே குப்பத்தில் இருந்ததில் அவற்றுக்குள் பேச்சுவார்த்தை இல்லையாம். காத்திருக்கும் கூட்டம் இன்னும் குறையவில்லை.

இவ்வளவையும் சிதம்பரநாதன் ஒரு முறைகூடச் சிரிக்காமல்தான் சொல்வார். நானும் ஒவ்வொரு முறையும், எத்தனை பேர் எத்தனை சுலபமாகப் புத்தியை அடகு வைத்திருக்கிறார்கள் என்று பெருமூச்சு விட்டுவிட்டு வீடு திரும்புவேன்.

சென்ற மாதம் எங்கள் வீட்டு மாடியில் குடியிருப்பவர் கிளாரினெட் கற்றுக்கொள்ள ஆரம்பித்தார். விடியற்காலையில் ஆரம்பிக்கிறார். காலி செய்ய முடியாது என்று சட்டத்தைக் காட்டுகிறார். பல நாள் யோசித்து, கூச்சத்தையும் விட்டு, நேற்றுச் சிதம்பரநாதனிடம் போனேன்.

"சார்," என்றேன், "எங்கள் வீட்டிலிருந்து பிசாசு எதுவும் போகவில்லை, நான் பொய் சொல்ல மாட்டேன். ஆனால் அக்கரையில் யாரும் கேட்காமல் கிடக்கிற உதிரிப் பிசாசு ஏதாவது இருந்தால், பீர் முஹம்மதுவிடம் நீங்கள் ஒரு வார்த்தை சொல்லி, கூட்டத்தில் நிற்காமல் எனக்கு வாங்கித் தர முடியுமா?"