கட்டம் கட்டமாய் ஒரு காதுகுத்து

நன்றாக ஓடிக்கொண்டிருப்பதைச் சும்மா விடத் தெரியாத ஆள் நான். கள்ளக்குறிச்சியில் கம்ப்யூட்டர் படித்ததில் எனக்கு உறுதியாக வந்து சேர்ந்தது இந்தக் குணம்தான்.

கச்சிராயபாளையத்தில் அக்கா மகளுக்குக் காதுகுத்து. கூடப் பிறந்த தாய்மாமன் நான் ஒருவன். என் மடியில் உட்கார வைத்துத்தான் குத்த வேண்டும். அப்பாவும் அம்மாவும் கரும்பு வெட்டப் போகிறவர்கள். சம்பந்தி வீட்டார் கொஞ்சம் நிலம் உள்ளவர்கள். சீர்த்தட்டில் அவர்களுக்கு ஈடுகொடுக்க முடியாது. அதனால் மேடைக்குப் பின்னால் பெரிய திரை வைத்து, என் லினக்ஸ் லேப்டாப்பிலிருந்து அவர்கள் பேர்களை ஓடவிடத் தீர்மானித்தேன். படித்த மாமன் சீர்!

முந்தின நாள் ஒத்திகையில் எல்லாம் சரியாக வந்தது. அதோடு நிறுத்தியிருக்கலாம். லேப்டாப் மெதுவாக ஓடுவதாகத் தோன்றவே, வேண்டாத எழுத்துருக்களைக் கழிக்க உட்கார்ந்தேன். (எது வேண்டாதது என்று எனக்குத் தெரியாது. அது எனக்குத் தெரியாது என்பதும் தெரியாது.) திருப்தியாக மூடி எடுத்து வந்தேன்.

மண்டபத்தில் திரை ஒளிர்ந்தது. பேர்கள் இருக்க வேண்டிய இடமெல்லாம் வரிசையாகக் கட்டங்கள். நான் கழித்ததில் தமிழ் எழுத்துருவும் போயிருந்தது.

சம்பந்தி அப்பாவைப் பார்த்தார். "இன்னாங்க, உங்க பையன் எங்க பேருக்குப் பதிலா சன்னல் வரைஞ்சி வெச்சிகீறான்?"

அப்பா சிரிக்கப் பார்த்தார். "படிச்ச புள்ள, இப்ப சரி பண்ணிடுவான் சம்பந்தி."

அந்த ஒரு சொல்லுக்காக, அணைத்துப் போட்டால் சரியாகும் என்று லேப்டாப்பை அணைத்துப் போட்டேன். திரையை வரையவே லினக்ஸுக்கு ஓர் அடிப்படை எழுத்துரு வேண்டுமாம். அதையும் கழித்திருந்தேன். கட்டங்களும் போய்விட்டன. கறுப்புத் திரையில் வெள்ளை ஆங்கில வரிகள், ஆள் உயரத்துக்கு, என் குற்றப் பட்டியல்போல இறங்கின.

"டேய், புள்ளைய வாங்கி மடியில வெச்சிக்கடா. நேரம் போவுது," என்றாள் அக்கா.

"ஒரு நிமிசம்க்கா. வந்துக்கினே கீது."

போனிலிருந்து நெட் எடுத்து எழுத்துருக்களை இறக்க ஆரம்பித்தேன். பாதியில் நின்றது. மறுபடி. ஆசாரி ஊசியோடு காத்திருந்தார். அக்கா இன்னொரு தடவை கூப்பிட்டாள். நான் திரும்பவில்லை.

"நல்ல நேரம் முடியப் போவுது. மாமன் முறையில வேற யாரும் இல்லியா?" என்றார் சம்பந்தி.

வடக்கனந்தலிலிருந்து வந்திருந்த பெரியப்பா மகன் முருகேசண்ணன் போய் உட்கார்ந்தார். குழந்தை வீறிட்டு அழுதபோதுதான் தலையைத் தூக்கினேன். இரண்டு காதும் முடிந்திருந்தது.

முதல் பந்தி எழுந்திருக்கும்போது பேர்கள் வந்தன. அழகான தமிழில், ஒரு புள்ளி பிசகாமல். கை கழுவப் போனவர்கள் பார்த்துக்கொண்டே போனார்கள். அப்பா பார்க்கவில்லை.

குழந்தை இப்போது பள்ளிக்கூடம் போகிறாள். வீட்டில் மாட்டியிருக்கும் படத்தில் அவள் முருகேசண்ணன் மடியில் இருக்கிறாள். ஓரத்தில் என் முதுகு. அவள் அப்பா வீட்டில் யாரோ சொல்லிக்கொடுத்து, இரண்டு வீட்டிலும் சிரித்துச் சிரித்து அந்தப் பேரே நிலைத்துவிட்டது: முருகேசண்ணன் அவளுக்கு வெறும் மாமா. நான் கட்டம் மாமா.