உறவு: நிற்குமிடம்

படிவத்தில் ஒரு கட்டத்தைக்கூடக் காலியாக விடப் பொறுக்காதவன் நான். அந்த வியாதிதான் என் கால் வியாதியைவிட அதிகம் மானத்தை வாங்கியது.

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் பணியாளர் நிர்வாகம் பார்த்து ஓய்வு பெற்றவன். மனைவி போய் மூன்று வருடம், மகன் கனடாவில். மாலை நடையில் ஒருநாள், இருநூறாவது அடியில் இடது கெண்டைக்கால் இறுகிக்கொண்டது. இரண்டு நிமிடம் நின்றால் விட்டது. தினமும் அதே இடம், செல்வி வீட்டு கேட். எங்கள் கம்பெனியில் இன்னும் வேலை பார்க்கும் டெய்லர், தூத்துக்குடிக்காரர்.

"என்ன சார், இன்னைக்கும் இன்ஸ்பெக்சனா?"

"போன் பார்க்கிறேன்."

"போன் அணைஞ்சுல்லா கெடக்கு!" என்று நாற்காலி போடுவார். (உட்கார மாட்டேன். சலுகை பெற்றதாகிவிடும்.) எங்காவது விழுந்தால் கூப்பிடச் சொல்லி எண்ணும் கொடுத்தார். பல நாட்கள் நான் பேசிய ஒரே மனிதர் அவர்தான்.

நானே படித்து, நானே வைத்தியம் தீர்மானித்து, தினமும் நூறு முறை நுனிக்காலில் எம்பினேன். வலி கூடியது. டாக்டர் பாதத்தில் நாடியைத் தொட்டபடி, "பாதத்தைக் கீழ அழுத்துங்க" என்றார். அழுத்தினேன். நாடி காணாமல் போனது.

"எம்பி எம்பி நீங்களே அடைச்சிருக்கீங்க சார்."

முழங்காலுக்குப் பின்னால் பிறவியிலேயே இடம் மாறிய தசை ஒன்று ரத்தக்குழாயை நெரிப்பதை ஸ்கேன் காட்டியது. அந்தத் தசையை வெட்டிவிட வேண்டும். "ஓடற பசங்களுக்கு வர்றதுங்க இது" என்றார். (என் வாழ்வின் ஒரே விளையாட்டுத் தகுதி.)

அட்மிஷன் படிவத்தில் 'உடனிருப்பவர்' என்றொரு கட்டம். சுயநினைவுள்ள நோயாளி தானே கையெழுத்திடலாம் என்று நர்ஸுக்கு விதி சொன்னேன்.

"கையெழுத்துக்கு இல்லீங்க சார். பாத்ரூமுக்கு யாரு கூட்டிட்டுப் போவாங்க? ஆளு இல்லீன்னா தேதி தள்ளிப் போயிருமுங்க."

பேனாவோடு பத்து நிமிடம் உட்கார்ந்திருந்தேன். பிறகு, கேட்காமலே, செல்வியின் பெயரையும் எண்ணையும் எழுதினேன். அடுத்த கட்டம், உறவு. பொய் எழுதக் கூடாது. 'நிற்குமிடம்' என்று எழுதினேன்.

நர்ஸ் அதைப் போனில் செல்விக்கு வாசித்துக் காட்டியதை வார்டே கேட்டது.

ஆபரேஷன் அன்று தூக்குப் போணியோடு வந்து நின்றார் செல்வி.

"முன்ன ஒருக்கா பக்கத்து வீட்டு அக்காவுக்கு ஆஸ்பத்திரியில துணைக்கு நிக்க உங்ககிட்ட லீவு கேட்டேன். 'ரத்த உறவு அல்ல'ன்னு செவப்பு மையில எழுதித் திருப்புனீங்களே சார், ஞாபகம் இருக்கா?"

இருந்தது. "இன்று லீவு கொடுத்தார்களா?"

"புது மேனேஜர் உறவே கேக்கலியே."

இப்போது நிற்காமல் நான்கு கிலோமீட்டர் நடக்க முடிகிறது. ஆனாலும் இருநூறாவது அடியில் நாற்காலி தயாராக இருக்கிறது. செல்வியின் மகள் உள்ளே பார்த்துக் கத்துவாள்: "அம்மா, நிற்குமிடம் வந்தாச்சு!"

"கால் வலிக்கா சார்?" என்பார் செல்வி.

"லேசாக" என்று உட்காருகிறேன். (படிவத்தில்தான் நான் பொய் எழுதுவதில்லை.)