தொழுவத்தில் கனிவாகப் பேசக் கூடாது

அன்புள்ள மைத்துனருக்கு,

உன் அக்காள் கணவன் எழுதிக்கொள்வது. இங்கே நானும் உன் அக்காவும் நான்கு மாடுகளும் நலம். உன் நலத்தை இந்தக் கடிதத்தில் விசாரிப்பதாக இல்லை. காரணம் போகப் போகப் புரியும்.

நீண்ட ஆலோசனைக்குப் பிறகு, நம் வீட்டில் முதன்முறையாக ஏகமனதாக ஒரு தீர்மானம் நிறைவேறியிருக்கிறது. இன்று முதல் தொழுவத்துக்குள் யாரும் கனிவாகப் பேசக் கூடாது. அவசியம் பேசியே ஆக வேண்டியவர்கள் வெளியே போய்ப் பேசிவிட்டு வரலாம்.

நடந்தது இதுதான். சிறு பால் விவசாயிகளை நவீனப்படுத்தப் புறப்பட்ட ஓர் அறக்கட்டளையின் கண்ணில் முதலில் பட்டவர்கள் நாங்கள். தரைக்கு ரப்பர் விரிப்பு போட்டார்கள். மாடு மூக்கால் அழுத்தினால் தண்ணீர் வரும் கிண்ணம் வைத்தார்கள். மாடுகள் அரை நாளில் கற்றுக்கொண்டன, எனக்கு இரண்டு நாள் ஆயிற்று. கடைசியில் பால் கறக்கும் மெஷினும் வந்தது. உன் அக்கா அதைத் தொட்டுப் பார்த்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அவள் மணிக்கட்டு இரண்டும் வீங்கி, இனியும் கையால் கறந்தால் கரண்டிகூடப் பிடிக்க முடியாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். நான் உட்கார்ந்தால் மாடு உதைக்கும் என்பது ஊரறிந்த விஷயம். ஆகவே எல்லாம் அந்த மெஷினை நம்பித்தான். நிபந்தனை ஒன்று: மாதக் கடைசிக்குள் அறக்கட்டளையின் மேற்பார்வையாளர் அம்மா வந்து பார்ப்பார், மெஷினில் பால் வந்தால் அது நமக்கு, வராவிட்டால் வேறு வீட்டுக்குப் போய்விடும்.

பால் வரவில்லை. மாடுகளுக்குத் தலைவியான பெரியவள், குழாயை மாட்டியதும் பாலை அடக்கிக்கொண்டு, பெண் பார்க்க வந்த இடத்தில் குறை கண்டுபிடித்த சம்பந்தியைப்போல் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். மற்ற மூன்றும் அவள் வழியே நின்றன. பயிற்சியில் சொன்னபடி மெல்லிய இசை வைத்தோம். உன் அக்கா கழுத்தைத் தடவிக் கொடுத்து, "என் தங்கமில்ல, கண்ணுல்ல, கொஞ்சம் விடும்மா" என்றாள். என்னிடம்கூட அவள் அப்படிப் பேசியதில்லை. ஒரு டம்ளர் நிறையவில்லை. போன் செய்தால் மேற்பார்வையாளர் அம்மா, "பதறாதீங்க சார், இன்னும் அன்பா பேசிப் பாருங்க" என்றார். பேசினோம். மடி கல்லாக இறுகியது.

இந்த நிலையில்தான், நேரில் வந்து அக்காவிடம் மன்னிப்புக் கேட்கப் போவதாக நீ எழுதிய கடிதம் வந்தது. தொழுவத்திலேயே பிரித்துப் படித்தாள். "மன்னிப்பு கேக்க வர்றானாம்ல, பெரிய மனுஷன்! அக்கா மக கல்யாணத்துக்குப் பஸ்ல கிளம்பிட்டு, தூங்கித் தூங்கிக் கடைசி ஸ்டாப்புல போய் எந்திரிச்சவன்தானே! போட்டோவுல தாய்மாமன் எங்கேன்னு கேட்டவங்களுக்கெல்லாம் நான்ல பதில் சொன்னேன்" என்று அவள் குரலை உயர்த்தினாளோ இல்லையோ, பெரியவள் பெருமூச்சு விட்டாள், குழாயில் பால் சலசலவென்று ஓடியது. அப்போதுதான் எங்கள் மண்டையில் உறைத்தது. இத்தனை வருஷத்தில் உன் அக்கா யாரையும் திட்டாமல் பால் கறந்த நாளே கிடையாது. திட்டு விழுந்தால்தான் கறவை நேரம் என்று மாடு பழகியிருக்கிறது; புது மெஷினுக்கு மரியாதை கொடுத்து நாங்கள் திட்டுவதை நிறுத்தி வைத்திருந்திருக்கிறோம்.

பிறகு முறையாக ஆராய்ந்தேன். பக்கத்து வீட்டுக்காரரைத் திட்டினால் இரண்டு லிட்டர். என்னைத் திட்டினால் மூன்று. உன்னைத் திட்டினால் எட்டு. ஆனால் திட்டுவதற்குச் சரக்கு குறைந்துகொண்டே வருகிறது. நேற்று நீ ஐந்தாம் வகுப்பில் அவள் குடையைத் தொலைத்த கதைவரை போய்விட்டாள். பால் ஆறரை லிட்டருக்கு இறங்கியது. ஆகையால் கைகூப்பிக் கேட்கிறேன்: மேற்பார்வையாளர் அம்மா வந்து போகும்வரை நீ இந்தப் பக்கம் தலைகாட்டாதே. மன்னிப்புக் கேட்டுத் தொலைத்துவிடாதே. முடிந்தால் புதிதாக ஏதாவது தவறு செய், உன்னால் முடியும்.

உன் மனைவிக்கும் குழந்தைகளுக்கும் எங்கள் ஆசிகள். உனக்கானது மாதம் முடிந்ததும் தனியே வரும்.

இப்படிக்கு,
உன் அக்காள் கணவன்

பி.கு.: தபால்தலை தேடிக்கொண்டிருந்தபோது இந்தக் கடிதத்தை உன் அக்கா படித்துவிட்டாள். "என் தம்பி வாய்விட்டு மன்னிப்பு கேக்க வர்றேங்கிறான், அவனைப் போய் வராதேன்னு எழுதுறாரே இந்த மனுஷன், இவருக்கு எவ்வளவு நெஞ்சழுத்தம் பாருடி" என்று நேராகப் பெரியவளிடம் போய்விட்டாள். மெஷின் ஓட ஓடப் பேசினாள். சொல்லாமல் கொள்ளாமல் வந்த மேற்பார்வையாளர் அம்மா வாசலில் நின்று முழுவதும் கேட்டார். பதினொரு லிட்டர். மெஷின் நமக்கே என்று எழுதிக் கொடுத்துவிட்டார். நீ நாளைக்கே புறப்பட்டு வரலாம். செவ்வாய்க்கிழமை மற்ற ஊர்களிலிருந்து மாடு வளர்க்கும் பெண்கள் இங்கே பயிற்சிக்கு வருகிறார்கள். கணவர்களையும் அழைத்து வரும்படி மேற்பார்வையாளர் அம்மா சொல்லியிருக்கிறார்.